வாடகை பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்தவர் மேல் வழக்குப் போடலாமா? வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆள் காலி செய்து போயாயிற்று. ஐந்தாறு மாத வாடகை நிற்கிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எப்போதாவது எடுத்தால் "அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறேன் சார்" என்று ஒரு பதில். இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் கோபம் தணியும் முன்பே வக்கீலிடம் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிலர் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து மனசு கேட்காமல் கிளம்புகிறார்கள். முதல் வகையினருக்கு வரவை விடச் செலவு கூடிவிடுகிறது. இரண்டாம் வகையினருக்கு வழக்குப் போடும் உரிமையே போய்விடுகிறது.

பாக்கி நிஜம் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது. பணம் கைக்கு வருமா என்பது வேறு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, கையில் என்ன காகிதம் இருக்கிறது, அவருடைய பணம் எந்த இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடியிருக்க வீடு வாடகைக்கு விட்டவரை மனதில் வைத்து, இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தொகை

ஒரு முழுத்தாளை எடுத்துக் கணக்கை எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். வாடகை 14,000, அட்வான்ஸ் 50,000, ஆறு மாத பாக்கி என்று வைத்துக்கொண்டால் தாள் இப்படி இருக்கும்:

வாடகை, 6 × 14,000 = 84,000
மெயின்டெனன்ஸ், 6 × 800 = 4,800
கடைசி ஈ.பி. பில் = 3,150
உடைந்த வாஷ்பேசின் (பிளம்பர் பில் இருக்கிறது) = 3,500
மொத்தம் = 95,450
கழிக்க, அட்வான்ஸ் = 50,000
நிகர பாக்கி = 45,450

"ஒரு லட்சம் ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் வர வேண்டியது நாற்பத்தைந்தாயிரம். எல்லா முடிவும் இந்தக் கடைசி எண்ணை வைத்துத்தான். சென்னையில் பழைய வழக்கப்படி ஐந்து, பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தால், கணக்குப் போட்டு முடிக்கும்போது நீங்களே பணம் திருப்பித் தர வேண்டியவராக இருக்கவும் கூடும்.

தாளில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, வெளிறிப்போன சுண்ணாம்பு, தேய்ந்த குழாய் வாஷர் எல்லாம் குடியிருந்தால் வருகிற தேய்மானம். அதற்குக் காசு கேட்க முடியாது. ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பது. அவர் போன பிறகு ஓடிய யூனிட்டும் அதில் கலந்திருக்கும். காலி செய்த அன்று மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதை வைத்துப் பிரியுங்கள். இல்லாவிட்டால் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்துக் குறைத்துப் போடுங்கள். பலவீனமான ஓர் அயிட்டம் உள்ளே இருந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு மீதிக் கணக்கையும் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடுவார்.

2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். எனவே மீதி எதுவும் இல்லை என்றாலும் அந்த ஒரு மாதத்துக்குள் கணக்குத் தாளின் நகலை அவருக்கு அனுப்பிவிடுங்கள். பேசாமல் இருந்தால், "அட்வான்ஸ் தரவில்லை" என்று அவர் முந்திக்கொண்டு நோட்டீஸ் விடுவார். நீங்கள் வாதியாகப் போக வேண்டிய இடத்தில் பதில் சொல்பவராக நிற்க வேண்டியிருக்கும்.

காலண்டரைப் பாருங்கள்

வாடகை பாக்கிக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்று ஆண்டுகள். இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு: ஆள் காலி செய்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனிக் கடிகாரம். வாடகை மாதம் 5-ஆம் தேதி தர வேண்டியது, பாக்கி 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை என்று கொள்வோம். 2026 செப்டம்பர் 20 அன்று வழக்குத் தாக்கல் செய்தால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் போயிற்று. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும் உயிரோடு இருக்கும்.

இங்கே அட்வான்ஸைக் கழிக்கும் முறை உதவும். கணக்குக் கடிதத்தில் "அட்வான்ஸ் 50,000 ரூபாயை முதலில் பழைய மாதங்களுக்கு வரவு வைத்திருக்கிறேன்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் முதல் மூன்று மாத வாடகை 42,000-மும் நான்காம் மாதத்தில் 8,000-மும் அதில் கழிந்துவிடும். நிற்பது புதிய மாதங்கள். அவற்றுக்கு நாள் இருக்கிறது. எழுதாமல் விட்டால், அட்வான்ஸ் எந்த மாதத்துக்குப் போனது என்பதே பின்னால் ஒரு சண்டையாகும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும் என்பது தவறு, நிற்காது. அதைப் புதிதாக ஓடவைப்பவை இரண்டு. அவகாசம் முடிவதற்குள் அவர் கையெழுத்துப் போட்டு "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு. அவகாசத்துக்குள் ஒரு பகுதித் தொகையைக் கட்டி, அதற்கு அவர் எழுத்தோ கையெழுத்தோ இருந்தால், கட்டிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. வாட்ஸ்அப்பில் வந்த "தர்றேன் சார்" பாக்கியை நிரூபிக்கக் கை கொடுக்கும். அவகாசத்தை நீட்ட அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆள் நல்ல முறையில் பேசுகிறவராக இருந்தால் ஒரு தாளில் இவ்வளவு வாங்கினால் போதும்: "இன்ன முகவரி வீட்டு வாடகை, மற்றச் செலவுகள் வகையில் 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை அட்வான்ஸ் போக ரூ. 45,450 நான் தர வேண்டியுள்ளது என்று ஒப்புக்கொள்கிறேன்." கீழே தேதி, கையெழுத்து. இந்த ஒரு தாள் கூடவே கணக்குத் தகராறையும் முடித்துவைக்கிறது.

கடைசி நாள் கோர்ட்டின் கோடை விடுமுறையில் விழுந்தால், திறக்கிற அன்று தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாளை நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள்.

காகிதங்கள்: எது காப்பாற்றும், எது கவிழ்க்கும்

வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லாரும் பதினொரு மாதத்துக்கு எழுதுகிறார்கள். பதிவுச் செலவு தப்பினாலும் முத்திரைத் தீர்வை தப்பாது. தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு, வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் ஒரு சதவீதம். நம் உதாரணத்தில் 14,000 × 11 = 1,54,000; அதோடு 50,000; ஆக 2,04,000. தீர்வை 2,040 ரூபாய். ஒப்பந்தமோ இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இருக்கும். எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டினால், குறைவுத் தொகையும் அதன் மேல் பத்து மடங்கு அபராதமும் கட்டாமல் கோர்ட் அந்தத் தாளை ஆதாரமாக ஏற்காது. 2,020-க்குப் பத்து மடங்கு 20,200. நாற்பத்தைந்தாயிரம் வசூலிக்க இருபத்திரண்டாயிரம் கட்ட வேண்டியிருக்கும் என்றால் அந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்காமல் வழக்கை வேறு ஆதாரத்தில் நிறுத்துவதே மேல். இதை வழக்குப் போடும் முன்பே வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு தெரிந்தால் காலம் கடந்துவிடும்.

வங்கி ஸ்டேட்மென்ட். பல நேரங்களில் ஒப்பந்தத்தை விட இது பலமானது. இரண்டு வருடம் மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து 14,000 வந்து, குறிப்பிட்ட மாதத்தோடு நின்றிருந்தால், யார் குடியிருந்தார், வாடகை எவ்வளவு, எப்போது நின்றது என்ற மூன்றும் ஒரே காகிதத்தில் வந்துவிடும். ரொக்கமாக வாங்கி ரசீது தராத வீட்டுக்காரர் இங்கேதான் சிக்குகிறார். "பாக்கி மாதங்களையும் கையில்தான் கொடுத்தேன்" என்று குடியிருந்தவர் சொன்னால், முன்பும் ரொக்கமாகவே வாங்கிய உங்களால் உறுதியாக மறுக்க முடியாது.

வருமான வரிக்காகக் கொடுத்த வாடகை ரசீதுகள். பலருக்கும் இது நினைவிலேயே இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் "ஆபீஸில் எச்.ஆர்.ஏ. ப்ரூஃப் கேட்கிறாங்க சார்" என்று வந்து, மார்ச் வரைக்கும் ஒரு வருட ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார். பாக்கி மாதம் அந்த வருடத்துக்குள் வந்தால், பணம் பெற்றுக்கொண்டதாக நீங்களே கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் கையில் இருக்கிறது. அதை உடைக்க முடியாது என்றில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்து விளக்கலாம். ஆனால் எந்தெந்த மாதத்துக்குக் கொடுத்தீர்கள் என்று வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துப் போட்டால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் போனை மாற்றவோ விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போதே நீங்கள் அனுப்பியவற்றையும் ஒருமுறை படியுங்கள். காலி செய்ய மறுத்து இழுத்தடித்த நாட்களில், "பாக்கி கூட வேண்டாம்ப்பா, வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தா போதும்" என்று குரல் செய்தி அனுப்பாத வீட்டுக்காரர் அபூர்வம். அதை நம்பித்தான் அவர் சாவியைக் கொடுத்தார் என்றால், பாக்கியை நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதம் வரும். அப்படி ஒரு செய்தி தெளிவாக இருந்தால், வழக்கை மறந்துவிட்டுச் சமரசத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

சாவி வாங்கிய தேதிக்கு ஓர் ஆதாரம் வேண்டும். காலி செய்த கடிதம், சாவியோடு எடுத்த படம், லாரி வந்த நாளில் அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி நோட்டில் போட்ட பதிவு, எதுவானாலும் சரி. வாடகை எதுவரை ஓடியது என்பது அந்தத் தேதியில்தான் முடிகிறது.

ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து என்றும் பாருங்கள். நான்கு பேச்சிலர்கள் சேர்ந்து எடுத்து நால்வரும் கையெழுத்திட்டிருந்தால், முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமும் கேட்கலாம். நிலையான வேலையில் இருப்பவரைப் பார்த்துக் கேளுங்கள். ஒருவர் மட்டும் போட்டிருந்தால் அவர் ஒருவர்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரில் எடுத்திருந்தால், தனி உத்தரவாதக் கையெழுத்து இல்லாமல் டைரக்டரின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது.

அவருடைய பணம் எங்கே இருக்கிறது?

தீர்ப்பு வாங்கிவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகச் செலவு வைக்கும் நினைப்பு. கோர்ட் உங்களுக்குத் தருவது டிகிரி, அதாவது அவர் இவ்வளவு தர வேண்டும் என்ற தீர்ப்பாணை. அதை நிறைவேற்ற நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும், எதை ஜப்தி செய்வது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியரான அமீனா போய்த் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். ஆகவே வழக்குக்கு முன்பே ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்: எங்கே வேலை, எந்த வங்கிக் கணக்கிலிருந்து வாடகை போட்டார், சொந்த ஊரில் அவர் பெயரில் நிலமோ வீடோ உண்டா, வண்டி உண்டா.

மாதச் சம்பளக்காரர் என்றால் கணக்கு எளிது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 40,000 வாங்குபவரிடம் 39,000-த்தில் மூன்றில் ஒன்று, அதாவது மாதம் 13,000 பிடிக்கலாம்; நாலே மாதத்தில் நம் பாக்கி அடைந்துவிடும். 16,000 வாங்குபவரிடம் மாதம் 5,000. ஒன்பது, பத்து மாதம். சம்பளம் தரும் அலுவலகத்துக்கே கோர்ட் உத்தரவு போகும். அரசு ஊழியரோ பெரிய நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருப்பவரோ என்றால், உத்தரவு வரைக்கும் போகாமல் நோட்டீஸிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

எதைத் தொட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தினக்கூலித் தொழிலாளியின் கூலி, வீட்டு வேலை செய்பவரின் சம்பளம், கைவினைஞரின் தொழில் கருவிகள், சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, பி.எஃப்., அரசு ஓய்வூதியம் இவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. கடையை மூடிவிட்டு, கடனோடு ஊர் மாறி, வாடகை வீட்டிலேயே இருக்கிற ஒருவர் மேல் டிகிரி வாங்கி என்ன செய்ய? சிவில் சிறை என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் இருக்கிறார் என்று நீங்கள் காட்டினால்தான் அது. இல்லாதவரை உள்ளே வைக்கக் கோர்ட் உத்தரவிடாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. டிகிரிக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயுள். இன்று இருபத்தாறு வயதில் வேலை தேடிக்கொண்டிருப்பவர் நான்கு வருடத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் தொழில் நொடித்துப்போனவரின் கதை வேறு.

முடிவு

கோர்ட் கட்டணம் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2017-இல் தமிழ்நாட்டில் அதை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். 45,450-க்கு 1,364 ரூபாய் அளவில் வரும். சம்மன் பேட்டா, டைப்பிங், நகல் எல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு வக்கீல் ஃபீஸும் உங்கள் நாட்களும். ஃபீஸைத் துவக்கத்திலேயே பிரித்துக் கேளுங்கள்: நோட்டீஸுக்கு எவ்வளவு, டிகிரி வரைக்கும் எவ்வளவு, நிறைவேற்று மனுவுக்குத் தனியா. ஜெயித்தால் செலவுத்தொகை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோர்ட் அனுமதிப்பது விதிப்படியான ஒரு சிறு வக்கீல் கட்டணம். நீங்கள் உண்மையில் கொடுத்தது முழுதாகத் திரும்பாது. நாட்களைப் பொறுத்தவரை, வாதியாகிய நீங்கள் சாட்சி சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்து வழக்கு நடத்தலாம். அவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தைப் பவர் ஏஜென்ட் சாட்சியாகச் சொல்ல முடியாது.

எங்கள் அளவுகோல் இது. நிகர பாக்கி இரண்டு மாத வாடகைக்குள் என்றால் நோட்டீஸ், மக்கள் நீதிமன்றம் (சமரசத்துக்கான லோக் அதாலத்) இரண்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் என்றால், காகிதம் பலமாகவும் அவருக்குப் பிடிக்கத்தக்க சம்பளமோ சொத்தோ இருக்கிறதென்றும் தெரிந்தால் வழக்கு. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு வேண்டாம். தொகை லட்சக்கணக்கில் இருந்து, ஆள் சொத்தை விற்றுக்கொண்டு கிளம்புகிறார் என்றால் மட்டும் அவசரம் காட்டுங்கள். அப்போது தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடும் வழி இருக்கிறது.

செக் கொடுத்திருந்தால் பாதையே வேறு

பாக்கிக்காக அவர் கொடுத்த செக் கையில் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், ரிட்டர்ன் மெமோ வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் புகார். இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்பதால் எதிர்த்தரப்பு பேசவே வருவார். நாட்களில் ஒன்று தவறினாலும் இந்தக் கதவு மூடிக்கொள்ளக்கூடும். செக்கில் நிகர பாக்கிக்கு மேல் தொகை எழுதிப் போடாதீர்கள். வழக்கு அங்கேயே ஆட்டம் காணும்.

நோட்டீஸ்

நோட்டீஸில் இருக்க வேண்டியவை: வீட்டு முகவரி, குடியிருந்த காலம், மாத வாடகை, பாக்கி மாதங்கள் பெயர் பெயராக, அட்வான்ஸ் கழித்த விதம், நிகரத் தொகை, 15 நாள் கெடு, பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு. இந்தக் கடைசி அயிட்டம் பல நோட்டீஸ்களில் விடுபடுகிறது. கட்ட நினைப்பவருக்கு வழி காட்டிவிடுங்கள். தொகை, பிராதில் (வழக்கு மனுவில்) போடப்போகிற அதே தொகையாக இருக்கட்டும். மிரட்டலுக்காக நோட்டீஸில் ஒன்றரை லட்சம் என்று போட்டுவிட்டு வழக்கில் நாற்பத்தைந்து கேட்டால், முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

புது முகவரி தெரியாதது ஒரு பெரிய தடையல்ல. ஒப்பந்தத்தோடு வாங்கிய ஆதார் நகலில் சொந்த ஊர் முகவரி இருக்கும். அதற்கு ஒன்று, தெரிந்த இப்போதைய முகவரிக்கு ஒன்று. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது; டெலிவரி அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். மேலே தபால்காரர் எழுதியிருப்பதைப் படியுங்கள். "வாங்க மறுத்தார்" என்றிருந்தால் சேர்ந்த மாதிரிதான். மூடிய உறையோடு அப்படியே கோர்ட்டில் கொடுக்கலாம். "இந்த முகவரியில் இல்லை" என்றிருந்தால் வேறு முகவரி தேட வேண்டும். பின்னால் சம்மனும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும்.

மக்கள் நீதிமன்றம்

இந்த அளவு பாக்கிகளுக்கு நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு என்று ஒன்று கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கணக்குத் தாள், ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களை இணைத்தால் போதும். எதிர்த்தரப்புக்கு அங்கிருந்தே கடிதம் போகும். கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது என்பது இதன் பலவீனம். ஆனால் வக்கீல் நோட்டீஸை மதிக்காதவர்கூடக் கோர்ட் முத்திரை போட்ட உறையைப் பார்த்து வந்துவிடுவதுண்டு. வழி தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பேரம் பேசும்போது இரண்டு எண்களோடு போங்கள். ஒன்று, இன்றே மொத்தமாகத் தந்தால் ஏற்கும் தொகை. மற்றது, தவணையில் என்றால் ஏற்கும் தொகை. 45,450-க்கு உடனே 30,000 வருமென்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது லாபம். தவணை என்றால் மூன்று, நான்குக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட செக் கேளுங்கள். "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே தர வேண்டும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அங்கே எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டால் அது டிகிரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை, நேரே நிறைவேற்று மனுப் போடலாம். வெளியே டீக்கடையில் எழுதிக்கொள்கிற சமரசத்துக்கு இந்த வலு கிடையாது.

வழக்கு

காலி செய்து போனவரிடம் பணம் மட்டும் கேட்பது வழக்கமாகப் பண வசூல் வழக்கு. வீடு இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். அவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார் என்பதற்காக நீங்கள் அங்கே ஓட வேண்டாம். டிகிரி வந்த பிறகு அவருடைய சம்பளமோ சொத்தோ அங்கே இருந்தால், டிகிரியை அந்த ஊருக்கு மாற்றி வாங்க வேண்டியிருக்கும். உங்கள் ஒப்பந்தம் 2017 வாடகைச் சட்டப்படியான வாடகை அதிகாரியிடம் பதிவானது என்றால், எந்த மன்றத்தில் போடுவது என்பதை வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். எழுத்து மூல ஒப்பந்தம் உறுதியாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையின் கீழ்ச் சுருக்க வழக்கு முடியுமா என்றும் கேளுங்கள். அதில் எதிர்த்தரப்பு வாதாடுவதற்கே கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும்; வாய்தா குறையும்.

அவர் வராமலே ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகிவிட்டால் சந்தோஷப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்று காட்டினால் அவர் அதை ரத்து செய்ய வைத்துவிடலாம். சம்மன் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள், நிறைவேற்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்யவே கூடாதவை

அவர் விட்டுப்போன ஃபிரிட்ஜையும் கட்டிலையும் பிடித்து வைத்து "பாக்கியைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்பது. பொருளைப் பட்டியல் போட்டு, படம் எடுத்து, எடுத்துப்போகக் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள்; விற்றால் நீங்கள் குற்றவாளியாவீர்கள். அவருடைய படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு "மோசடிக்காரர்" என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். அவர் ஆபீஸ் ரிசப்ஷனில் போய்ச் சத்தம் போடுவதும் அப்படித்தான் முடியும். போலீஸில் புகார் கொடுக்கப் போனால், வாடகை பாக்கி சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்புவார்கள். அது சரியான பதில்தான். போலி ஆதார், போலிப் பெயர் என்று ஆரம்பத்திலேயே ஏமாற்று இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

விடுவது என்று முடிவானால்

விட்டுவிட்டேன் என்று அவருக்கு எழுதித் தராதீர்கள். எழுதாமல் இருப்பதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மூன்று வருடத்துக்குள் அவர் நிலைமை மாறினால் கதவு திறந்தே இருக்கும். உயிரோடு உள்ள கடைசி மாதத்தின் அவகாசம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

வருமான வரியையும் கவனியுங்கள். வராத வாடகையை வருமானத்தில் காட்டாமல் விட விதி இடம் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: வாடகை உண்மையானதாக இருக்க வேண்டும், அவர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், உங்களுடைய வேறு வீட்டில் அவர் இருக்கக் கூடாது, வசூலிக்கச் சட்ட நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் அல்லது எடுத்தாலும் பலன் இருக்காது என்று வருமான வரி அதிகாரி திருப்தியடையும்படி காட்ட வேண்டும். திரும்பி வந்த நோட்டீஸ் உறை, மக்கள் நீதிமன்றத்தில் அவர் வராத நாளின் குறிப்பு, அவருடைய நிலைமை பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம் மூன்றும் கடைசி நிபந்தனைக்கு உதவும். பிறகு எப்போதாவது அந்தப் பணம் வந்துசேர்ந்தால், வந்த ஆண்டின் வருமானமாகக் காட்டி அதில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். வீட்டை அதற்குள் விற்றிருந்தாலும் அப்படித்தான்.